தனியாகப் பிள்ளைகளோடு புது ஊருக்கு வந்த தாயுடன் பணியாற்றுவது: சமூகப் பணிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரு படிவத்தோடுதான் முதல் சந்திப்புக்குப் போகிறார்கள். கணவர் எங்கே, வருமானம் உண்டா, ஊர் மொழி தெரியுமா, சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா, நோய் ஏதும் உண்டா. கட்டத்துக்குக் கட்டம் எது இல்லை என்றுதான் அந்தப் படிவம் கேட்கிறது. அரை மணி நேரம் அதற்குப் பதில் சொல்லி முடிக்கும்போது அந்தத் தாய் எத்தனையோ முறை "இல்லை" என்று சொல்லியிருப்பார். எதிரே உட்கார்ந்திருக்கும் நீங்களும் அவரை அந்த "இல்லை"களின் கூட்டுத்தொகையாகப் பார்க்க ஆரம்பித்திருப்பீர்கள்.

அதே பெண் அன்று காலை, எழுத்துகூடப் புரியாத ஊரில் பிள்ளைகளைக் கிளப்பி, உங்கள் அலுவலகத்தின் முகவரியைக் கண்டுபிடித்து, சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறார். அது எப்படி முடிந்தது என்று படிவத்தில் எந்தக் கட்டமும் கேட்பதில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும். அதை எப்படிக் கேட்பது, கேட்ட பிறகு என்ன செய்வது என்பதை ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

இதற்குப் பின்னால் இரண்டு மரபுகள் இருக்கின்றன. ஒன்று, பலங்களை மையமாக வைத்த அணுகுமுறை. அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1980களில், தீவிர மனநோயோடு வாழ்பவர்களுக்கான பணியில் சார்லஸ் ராப்பும் அவருடைய சகாக்களும் இதை வளர்த்தார்கள். டென்னிஸ் சலீபி இதைச் சமூகப் பணி முழுவதற்கும் பொருத்தி எழுதினார். இன்னொன்று, தீர்வை நோக்கிய உரையாடல் முறை. ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் 1978இல் மில்வாக்கி நகரில் தொடங்கிய மையத்தில் பிறந்தது. எந்தக் கேள்விக்குப் பிறகு வந்தவரின் பேச்சு மாறுகிறது என்று உரையாடல்களை உட்கார்ந்து கவனித்துக் கவனித்தே அவர்கள் இந்த முறையைக் கட்டினார்கள். பெர்க் கொரியாவில் பிறந்து, 1957இல் அமெரிக்காவுக்கு வந்தவர். புது ஊருக்கு வந்தவரோடு பேச இந்தக் கேள்விகள் பொருந்துவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

முதலில் அவசரம்

இன்றிரவு எங்கே தூங்குவார்கள்? பிள்ளைகளுக்குச் சாப்பாடு இருக்கிறதா? மருந்து தீர்ந்துவிட்டதா? யாராவது மிரட்டுகிறார்களா? குடியேற்றம் தொடர்பான தாள்களில் இந்த வாரம் முடியும் கெடு ஏதாவது உண்டா? இவற்றை விசாரிக்காமல் பலங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அது அவருக்குக் கேலி செய்வது போலத்தான் இருக்கும். ஒன்றுக்காவது மோசமான பதில் வந்தால் அன்றைய சந்திப்பு முழுவதும் அதற்குத்தான். மற்றதெல்லாம் அடுத்த முறை.

மிரட்டல், அடி உதை பற்றிய கேள்வியை அவர் தனியாக இருக்கும்போது மட்டும் கேளுங்கள். கூட வந்த உறவினர், பிள்ளைகள், "நான் மொழிபெயர்க்கிறேன்" என்று முன்வரும் பக்கத்து வீட்டுக்காரர், யாரும் அறையில் இருக்கக் கூடாது. பத்து வயது மகள் எவ்வளவு சரளமாகப் பேசினாலும் அவளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாய் தன் கஷ்டத்தை மகள் காதுக்கு ஏற்றபடி குறைத்துத்தான் சொல்வார்; மகளோ அம்மாவின் பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வாள். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் நேரில் கிடைக்காவிட்டால் போன் வழியாகவாவது ஏற்பாடு செய்யுங்கள்.

நீங்கள் யார் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். குடியேற்றத் துறைக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்றால் அதை முதல் ஐந்து நிமிடத்துக்குள் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் சொல்வதில் எது உங்களோடு நிற்கும், எதை வெளியே சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இருக்கிறது என்பதையும் மறைக்காதீர்கள். குழந்தைக்கு ஆபத்து, உயிருக்கு ஆபத்து என்று வந்தால் நீங்கள் சும்மா இருக்க முடியாது. அது அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

"கணவர் ஏன் கூட இல்லை?" என்று முதல் நாள் கேட்காதீர்கள். இறந்திருக்கலாம், பிரிந்திருக்கலாம், வேறொரு நாட்டில் சிக்கியிருக்கலாம், அவரிடமிருந்து தப்பித்துத்தான் இவர் வந்திருக்கலாம், திருமணமே ஆகாமலும் இருக்கலாம். படிவத்துக்குத் தேவையென்றால், எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி, தேவையானதை மட்டும் கேட்டால் போதும்.

எதற்காக வந்தார்?

அவரை உங்களிடம் அனுப்பியது பள்ளியாக இருக்கலாம், மருத்துவமனையாக இருக்கலாம். அவர்கள் எழுதி அனுப்பிய காரணமும் அவர் மனதில் இருக்கும் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இன்னிக்கு இங்க பேசிட்டுப் போனது பிரயோஜனமா இருந்துச்சுன்னு, எது நடந்தா உங்களுக்குத் தோணும்?"

"தெரியலை" என்றுதான் முதலில் பதில் வரும். அவசரப்பட்டு நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். கொஞ்சம் காத்திருங்கள். அப்புறம் வரும் பதிலை அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். "பிள்ளைங்க முன்னாடி அழாம இருக்கணும்" என்று அவர் சொன்னதை "உணர்ச்சிக் கட்டுப்பாடு தேவை" என்று மாற்றி எழுதிவிட்டால், அடுத்த வாரம் அதை நீங்கள் வாசித்துக் காட்டும்போது அவருக்கே அது அடையாளம் தெரியாது.

"எப்படி" என்ற கேள்வி

என்னைக் கேட்டால், முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது. மற்றதைக் கையேட்டைப் பார்த்துச் செய்யலாம். இதற்குக் கண்ணும் காதும் திறந்திருக்க வேண்டும்.

ஒரு தாய் தன் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பள்ளிச் சான்றிதழ், எல்லாம் பிள்ளை வாரியாகப் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறது. படிவத்தை நிரப்பும் அவசரத்தில் நீங்கள் சான்றிதழை வாங்கி எண்ணைக் குறித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கொஞ்சம் நின்று இப்படியும் கேட்கலாம்:

"இவ்வளவு அலைச்சல்ல இதெல்லாம் ஒண்ணுகூடத் தொலையாம எப்படிப் பார்த்துக்கிட்டீங்க?"

"படுக்கும்போது தலைக்கு அடியில வச்சுக்குவேன் மேடம். எங்க இருக்குன்னு பெரியவளுக்கும் சொல்லி வச்சிருக்கேன். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா எடுத்துக் கொடுக்கணும்ல."

இந்த ஒரு பதிலில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். எது முக்கியம் என்று தெரிந்திருக்கிறது. நாளைக்கு வரப்போவதை யோசித்திருக்கிறார். மகளை நம்பிப் பொறுப்பு கொடுத்திருக்கிறார். கூடவே "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா" என்ற பயமும் இருக்கிறது. பலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பயத்தைத் தாண்டிப் போய்விட்டால் அவர் இனி பயத்தைச் சொல்ல மாட்டார். "அந்தப் பயம் அடிக்கடி வருமா?" என்று கேட்டு, அதற்கான பதிலையும் அதே கவனத்தோடு கேளுங்கள்.

"நீங்க ரொம்ப தைரியசாலி" என்ற பாராட்டை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவர் அதைப் பல வாய்களில் கேட்டிருப்பார். சொன்னவர்கள் பலர் அதோடு கிளம்பியும் போயிருப்பார்கள். அவர் செய்த காரியத்தைச் சுட்டிக்காட்டி, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், அவர் பதில் சொல்லும்போதே தன் திறமையைத் தானே கேட்டுக்கொள்கிறார். "நான் தைரியசாலி எல்லாம் இல்ல" என்று மறுக்க அங்கே இடமே இல்லை, செய்தது அவர்தானே.

எங்கெல்லாம் தேடலாம்? முன்பு செய்த வேலை ஒரு நல்ல இடம். கடையில் கணக்குப் பார்த்தவர், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர், வயலில் ஆட்களை வைத்து வேலை வாங்கியவர் என்று யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். புது ஊரில் அந்த வேலை இல்லாமல் போனதும், அந்த ஆளே தான் இல்லை என்று நினைக்கத் தொடங்கியிருப்பார். ராத்திரி போனில் யாரோடு பேசுகிறார், கஷ்டத்தில் எதை நம்பி நிற்கிறார், கையில் இருக்கும் பணத்தை மாதக் கடைசி வரை எப்படிப் பிரிக்கிறார் என்பதையும் கேளுங்கள். எழுத்து தெரியாமல் பேருந்தின் எண்ணையும் நிறுத்தத்தில் தெரியும் கட்டடத்தையும் வைத்தே ஊரை மனப்பாடம் செய்த தாய்மார்கள் இருக்கிறார்கள். அதுவும் படிப்புதான்.

இதோடு, உங்களைப் பார்க்க நேரம் குறித்த நாளிலிருந்து இன்றுவரை ஏதாவது கொஞ்சம் மாறியிருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். மில்வாக்கி குழுவினர் 1987இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், முதல் சந்திப்புக்கு வந்தவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர், வருவதற்கு முன்பே ஏதோ முன்னேற்றம் தொடங்கிவிட்டதாகச் சொன்னார்கள். கேட்டதால்தான் சொன்னார்கள்.

பிரச்சினை இல்லாத நேரம்

"பையன் ராத்திரி தூங்கவே மாட்டேங்கிறான்" என்கிறார். சரி, போன வாரத்தில் ஒரே ஒரு ராத்திரியாவது கொஞ்சம் நன்றாகத் தூங்கினானா? அன்று என்ன வித்தியாசம்? மூவரும் ஒரே அறையில் படுத்திருக்கலாம், அன்று மாலை வெளியே போய் வந்திருக்கலாம். ஏற்கெனவே ஒரு முறை பலித்த ஒன்றை மறுபடி செய்வது, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வதைவிடச் சுலபம்.

அதிசயக் கேள்வி

"ஏதாவது அதிசயம் நடந்தால்தான் உண்டு" என்று ஒரு பெண் சலித்துச் சொன்னதிலிருந்து பெர்க்குக்குக் கிடைத்த கேள்வி இது. நிதானமாக, இடைவெளி விட்டுக் கேட்க வேண்டும்.

"கொஞ்சம் வித்தியாசமா ஒண்ணு கேட்கிறேன். இன்னிக்கு வீட்டுக்குப் போறீங்க. வேலையெல்லாம் முடிக்கிறீங்க. பிள்ளைங்க தூங்கிடறாங்க, நீங்களும் தூங்கிடறீங்க. ராத்திரி ஒரு அதிசயம் நடக்குது, உங்களை இங்க கூட்டிட்டு வந்த கஷ்டம் தீர்ந்துடுது. ஆனா நீங்க தூங்கிட்டிருந்ததால அது உங்களுக்குத் தெரியாது. காலையில எழுந்ததும், ஏதோ மாறியிருக்குன்னு எதைப் பார்த்து முதல்ல கண்டுபிடிப்பீங்க?"

"குடியேற்றப் பேப்பர் வந்திருக்கும்" என்றோ "வேலை கிடைச்சிருக்கும்" என்றோ சொல்வார். நியாயமான ஆசை. அதைச் சின்னதாக்க வேண்டாம். "சரி, பேப்பர் வந்துடுச்சு. அன்னிக்குக் காலையில நீங்க எப்படி இருப்பீங்க? உங்க மகள் உங்ககிட்ட என்ன வித்தியாசத்தைப் பார்ப்பா?" என்று தொடருங்கள். "எரிஞ்சு விழ மாட்டேன். தலை வாரி விடும்போது பேசிக்கிட்டே வாரி விடுவேன்" என்று வரலாம். பேப்பர் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. தலை வாரிவிடும் அந்தப் பத்து நிமிடம் அவர் கையில் இருக்கிறது.

சமீபத்தில் யாரையாவது பறிகொடுத்தவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். "அவர் உயிரோட இருப்பார்" என்று பதில் வந்துவிட்டால் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு, அவரோடு சும்மா உட்கார்ந்திருங்கள். இறந்தவரைப் பற்றிப் பேச அவருக்கு ஆசை இருந்தால் பேசட்டும்.

பூஜ்யத்திலிருந்து பத்து வரை

"பத்துன்னா, இந்த ஊர்ல பிள்ளைகளோட ஓரளவு நிம்மதியா இருக்கேன்னு அர்த்தம். பூஜ்யம்னா, வந்து இறங்கின நாள் எப்படி இருந்துச்சோ அப்படி. இன்னிக்கு எங்க இருக்கீங்க?"

"மூணு."

இங்கே பழக்கதோஷத்தில் "ஏன் மூணுதான்?" என்று வாயில் வரும். அதை நிறுத்தி, எதிர்ப்பக்கமாகப் பாருங்கள்.

"மூணா? பூஜ்யத்துல இருந்து மூணு வரைக்கும் எப்படி வந்தீங்க?"

"பஸ்ல போக வர தெரிஞ்சுக்கிட்டேன். கீழ் வீட்டு அம்மா பேசறாங்க."

"வேற?"

"சின்னவன் ராத்திரி அழறது குறைஞ்சிருக்கு."

"வேற ஏதாவது?" இதை இரண்டு மூன்று முறையாவது கேளுங்கள். முக்கியமானது பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அப்புறம்: "நாலு ஆயிடுச்சுன்னு எதை வச்சுச் சொல்வீங்க?"

"ஸ்கூல்ல இருந்து லெட்டர் வந்தா, யார் கையிலயும் நீட்டாம நானே என்னன்னு தெரிஞ்சுக்குவேன்."

கிடைத்துவிட்டது. பத்தை நோக்கித் திட்டம் போட வேண்டாம், மூன்றிலிருந்து நான்குக்குப் போவதுதான் திட்டம். இந்த இடத்தில் பலர் "மொழி வகுப்பில் சேர வேண்டும், வாரம் மூன்று மாலை" என்று எழுதிவிடுகிறார்கள். மாலையில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்? இரண்டு வகுப்பு தவறிப்போகும். கோப்பில் "ஒத்துழைப்பு இல்லை" என்று ஏறிவிடும். அவர் கேட்டது பள்ளிக் கடிதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது. போனின் கேமராவால் கடிதத்தை மொழிபெயர்க்கும் செயலியை அவரே இரண்டு மூன்று முறை பயன்படுத்திப் பார்க்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். பள்ளியிலிருந்து திரும்பத் திரும்ப வரும் பத்துப் பன்னிரண்டு சொற்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். வகுப்புக்கு அவரே ஒரு நாள் வந்து கேட்பார். அப்போது குழந்தைப் பராமரிப்போடு சேர்த்து ஏற்பாடு செய்யுங்கள்.

"பூஜ்யம்" என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் முன்னேற்றத்தைத் தேடாதீர்கள். "இந்த நிலைமையில இன்னிக்குக் காலையில எப்படி எழுந்திரிச்சீங்க? எது உங்களைத் தாங்குது?" என்று கேளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தின் சாயல் பேச்சில் தெரிந்தால் எல்லா உத்தியையும் ஓரமாக வைத்துவிட்டு நேரடியாகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் அவரைத் தனியாக விடாமல், உங்கள் மேலதிகாரியையும் மருத்துவ உதவியையும் அப்போதே சேருங்கள்.

யார் எதைச் செய்வது

ஒரு தாளை நடுவில் மடியுங்கள். ஒரு பக்கம் அவர் செய்யப்போவது, இன்னொரு பக்கம் நீங்கள் செய்யப்போவது. உங்கள் பக்கம் காலியாக இருக்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். "அவருக்குப் பலம் இருக்கிறது, அவரே பார்த்துக்கொள்வார்" என்று உதவியைக் குறைக்க இந்த அணுகுமுறையைச் சாக்காக்குவது பெரிய அநியாயம். எவ்வளவு சாமர்த்தியசாலியான தாயாலும் இல்லாத வீட்டை வாடகைக்கு எடுக்க முடியாது. பெரிய முன்பணம் கேட்கும் வீட்டுக்காரரைத் தனியாக எதிர்த்துப் பேசவும் முடியாது. தொலைபேசியில் காத்திருப்பது, கடிதம் எழுதுவது, மறுக்கப்பட்ட விண்ணப்பத்துக்கு மேல்முறையீடு போடுவது, இதெல்லாம் உங்கள் பக்கத்தில் வர வேண்டும். எந்தத் தேதிக்குள் என்பதும் சேர்ந்து வர வேண்டும்.

அந்தத் தாளின் பின்பக்கத்தில் ஓர் உறவு வரைபடம் போடலாம். ஆன் ஹார்ட்மன் 1975இல் உருவாக்கிய எளிய கருவி இது. நடுவில் ஒரு வட்டம், அதில் தாயும் பிள்ளைகளும். சுற்றிலும் பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டு இடம், கீழ் வீட்டு அம்மா, ஊரில் இருக்கும் அக்கா. நல்ல உறவுக்குத் தடித்த கோடு, மெலிந்துபோனதற்குப் புள்ளிக்கோடு, உரசல் இருந்தால் வளைந்து நெளிந்த கோடு. பேனாவை அவர் கையில் கொடுங்கள். எந்தப் புள்ளிக்கோட்டைத் தடித்த கோடாக்கலாம் என்பதை வரைந்து முடித்தவுடன் பெரும்பாலும் அவரே காட்டிவிடுவார்.

சந்திப்பு முடியும் முன் ஐந்து நிமிடம் எழுந்து வெளியே போய் வாருங்கள். அன்று கேட்டதில் உங்களை உண்மையிலேயே அசத்திய இரண்டு மூன்று விஷயங்களைத் தேர்ந்தெடுத்து, திரும்பி வந்து சொல்லுங்கள். அப்புறம் ஒரு சின்ன வேலை. டி ஷேசரின் குழு முதல் சந்திப்பின் முடிவில் வழக்கமாகக் கொடுத்தது இதுதான்: அடுத்த முறை பார்க்கும் வரை, உங்கள் வீட்டில் எதெல்லாம் மாறாமல் இப்படியே தொடர வேண்டும் என்று தோன்றுகிறதோ, அதைக் கவனித்து வையுங்கள்.

எழுதி வைப்பது

ஒரே சந்திப்பை இரண்டு விதமாக எழுதலாம். "தனித்தாய், வேலையில்லை, மொழி தெரியாது, சமூக ஆதரவு குறைவு, பதற்றம் உண்டு" என்பது ஒன்று. "இரண்டு பிள்ளைகளையும் தவறாமல் பள்ளிக்கு அனுப்புகிறார். ஆவணங்கள் அனைத்தும் ஒழுங்காக உள்ளன. பேருந்தில் தனியாகப் போய் வருகிறார். கீழ் வீட்டுக்காரருடன் பழக்கம். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்ற பயத்தில் தூக்கம் கெடுகிறது. அவர் கேட்பது: பள்ளிக் கடிதங்களைத் தானே புரிந்துகொள்ள வேண்டும். நான் செய்ய வேண்டியது: வாடகை உதவி விண்ணப்பம்" என்பது இன்னொன்று. இரண்டாவதில் கஷ்டம் எதுவும் மறைக்கப்படவில்லை. நாளைக்கு வேறொரு பணியாளர் அந்தக் கோப்பைத் திறந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த சந்திப்புகள்

"எப்படி இருக்கீங்க?" என்று தொடங்கினால் போன வாரத்துக் கஷ்டம் வரும். "போன தடவை பார்த்ததுக்கு அப்புறம் எது கொஞ்சம் பரவாயில்லாம இருக்கு?" என்று தொடங்குங்கள். ஏதாவது சொன்னால் விவரம் கேளுங்கள்: எப்போது, எப்படி, யார் கவனித்தார்கள். ஒன்றுமே இல்லை, மோசமாகிவிட்டது என்றால் அதை முழுக்கக் கேட்டுவிட்டு, "இதைவிட மோசமாகாம எப்படித் தடுத்தீங்க?" என்று கேளுங்கள். கொடுத்த வேலையைச் செய்யாமல் வந்தால் கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அந்த வேலை அவருக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம், மாற்றுங்கள். உங்கள் பக்கத்து வேலை முடியவில்லை என்றால் அதை அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லுங்கள்.

எத்தனை சந்திப்பு என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டாம். பூஜ்யத்திலிருந்து பத்து வரையான அளவில் அவர் ஏழு என்றோ எட்டு என்றோ சொல்லி, "இது போதும், இனி பார்த்துக்குவேன்" என்றால் அவர் சொல்வதை நம்புங்கள். பத்து வர வேண்டும் என்று நீங்கள் பிடித்து வைக்காதீர்கள். மறுபடி சறுக்கினால் முதலில் எது தெரியவரும், அப்போது யாரைக் கூப்பிடுவார் என்று கேட்டு அதையும் எழுதி, தாளின் நகலை அவரிடமே கொடுங்கள். வேறொரு பணியாளரிடம் அவரை மாற்ற வேண்டி வந்தால், அனுப்பப்போகும் குறிப்பை முதலில் அவருக்கு வாசித்துக் காட்டி, திருத்தச் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.